ஆரம்பநிலை மார்பகப் புற்று: உடனே ஆபரேஷனா, கவனித்துப் பார்ப்பதா?

(மருத்துவமனையைத் தாங்கிவரும் சபையாரின் கூடுகையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வரக்கூடாமற்போனவர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசவேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். இந்தப் பேச்சை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். "சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும்" என்று ஒவ்வொரு பெண்கள் ஐக்கியக் கூட்டத்திலும் சொல்லிவருகிறோம். அது உண்மை, இன்றும் அதையே சொல்லுவேன். ஆனால் கேள்வி அதோடு முடிந்துவிடுவதில்லை. மிக மிகச் சீக்கிரமாக, கையால் தொட்டுப் பார்த்தாலும் தெரியாத நிலையில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதை என்ன செய்வது? உடனே ஆபரேஷன் செய்துவிடுவதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் கவனித்துக்கொண்டிருப்பதா? இந்தக் கேள்வியில் அமெரிக்கா, இங்கிலாந்து, நெதர்லாந்து நாடுகளின் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இரண்டு பட்சமாக நிற்கிறார்கள்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்கவேண்டாம். உங்களில் பலருக்குப் பிள்ளைகள் அந்த நாடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் பரிசோதனை செய்துகொண்டு, கையில் ஒரு ரிப்போர்ட்டோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. நம் நகரங்களிலும் "முழு உடல் பரிசோதனை" என்ற பெயரில் மேமோகிராம் எடுத்துக்கொள்ளுகிறவர்கள் பெருகி வருகிறார்கள். ஆகையால் இந்த விவாதத்தில் இரு பட்சத்தாரும் என்ன சொல்லுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுவது நல்லது.

பால் குழாய்க்குள் அடங்கிய புற்று

மார்பகத்துக்குள் பால் சுரக்கும் சிறு பைகளும், அந்தப் பாலைக் காம்புக்குக் கொண்டுவரும் குழாய்களும் இருக்கின்றன. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் இந்தக் குழாய்களின் உட்பக்கச் செல்களில்தான் தொடங்குகின்றன. குழாயைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. செல்கள் தாறுமாறாகப் பெருகினாலும் அந்தச் சவ்வைத் தாண்டாமல் குழாய்க்குள்ளேயே நின்றால், அதற்கு மருத்துவர்கள் டி.சி.ஐ.எஸ். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதையே "ஜீரோ ஸ்டேஜ்" என்றும் சொல்லுவார்கள். சவ்வைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் இறங்கிவிட்டால் அது பரவும் புற்று. அதன்பின் அது அக்குளின் நெறிகளுக்கும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகக்கூடும்.

டி.சி.ஐ.எஸ். பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது, வலிக்கவும் செய்யாது. மேமோகிராம் என்ற எக்ஸ்ரே படத்தில் உப்புத்தூள் தூவினதுபோலச் சிறு சிறு சுண்ணாம்புப் பொட்டுகளாகத் தெரியும். அந்த இடத்திலிருந்து ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுத்து பயாப்சி பார்ப்பார்கள். அதில் செல்களின் சுபாவத்தைப் பார்த்து மூன்று தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரம் மெதுவானது, மூன்றாம் தரம் வேகமானது, இரண்டாவது நடுத்தரமானது. இந்தத் தரம் எது என்பதுதான் விவாதம் முழுவதற்கும் ஆதாரம். தயவுசெய்து அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேமோகிராம் பரிசோதனை பரவுவதற்கு முன்னே டி.சி.ஐ.எஸ். அபூர்வமாகவே காணப்பட்டது. நோயில்லாத பெண்களை எல்லாம் வரவழைத்துப் படம் எடுக்கத் தொடங்கிய பிறகு இந்த எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டு ஃபாரஸ்ட் குழுவின் அறிக்கைக்குப்பின் 1988-இல் தேசிய அளவில் மேமோகிராம் திட்டம் தொடங்கியது. இன்று பரிசோதனை முகாம்களில் கண்டுபிடிக்கப்படும் மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று டி.சி.ஐ.எஸ். அமெரிக்காவில் மாத்திரம் ஆண்டுதோறும் 50,000-க்கும் அதிகமான பெண்களுக்கு இந்தச் செய்தி சொல்லப்படுகிறது.

குறைவாக வெட்டக் கற்றுக்கொண்ட சரித்திரம்

இந்த விவாதம் திடீரென்று வந்ததல்ல. மார்பகப் புற்று வைத்தியத்தின் நூறு ஆண்டுச் சரித்திரமே, "இவ்வளவு வெட்டவேண்டுமா?" என்று கேட்டுக் கேட்டு வந்த சரித்திரம்தான்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெயர்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் ஒரு முறையைப் பரப்பினார். மார்பகம் முழுவதையும், அதன்கீழ் இருக்கும் நெஞ்சுத் தசையையும், அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுத்துவிடுவது அந்த முறை. எவ்வளவு அதிகமாக எடுக்கிறோமோ அவ்வளவு பத்திரம் என்பது அக்காலத்து எண்ணம். எழுபது, எண்பது ஆண்டுகள் உலகமெங்கும் அதுவே வழக்கமாயிருந்தது. அந்தப் பெண்களுக்கு நெஞ்சு குழிந்துபோகும், கை வீங்கிப்போகும், குடத்தைத் தூக்கவும் முடியாது.

பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்ட் ஃபிஷர் இதைக் கேள்வி கேட்டார். 1971-இல் தொடங்கின ஆராய்ச்சியில், தசையோடு சேர்த்து எடுத்தாலும் மார்பகத்தை மட்டும் எடுத்தாலும் பெண்கள் உயிரோடிருக்கும் காலம் ஒன்றுதான் என்று காட்டினார். 1976-இல் தொடங்கின மற்றொரு ஆராய்ச்சியில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கொடுப்பதே போதும் என்று காட்டினார். இத்தாலியின் மிலான் நகரத்து உம்பெர்டோ வெரோனேசியும் 1981-இல் இதே முடிவை வெளியிட்டார். இருவருடைய இருபது ஆண்டுக் கணக்கும் 2002-இல் வந்தபோது முடிவு மாறவில்லை. இன்று மார்பகம் இழக்காமலே குணமடையும் ஆயிரமாயிரம் பெண்கள் அந்த ஆராய்ச்சிகளுக்குச் சம்மதித்த பெண்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பரவும் புற்று சிறியதாயிருந்தால் கட்டியை மட்டும் எடுக்கிறோம். ஆனால் டி.சி.ஐ.எஸ். சில பெண்களுக்குக் குழாய்களின் வழியே மார்பகத்தின் பல இடங்களில் படர்ந்திருக்கும். அதனால் ஜீரோ ஸ்டேஜ் என்று சொல்லப்பட்டவருக்கே மார்பகம் முழுவதையும் எடுக்கவேண்டி வருகிறது. "டாக்டர், இது புற்றே அல்ல என்றும் சொல்லுகிறீர்கள், மார்பை எடுக்கவேண்டும் என்றும் சொல்லுகிறீர்களே" என்று அந்தப் பெண் கேட்டால், அது நியாயமான கேள்வி.

உடனே எடுக்கவேண்டும் என்பவர்கள்

முதலாவது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்பவர்களின் வாதத்தைக் கேட்போம்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் டேவிட் பேஜ் என்ற நோய்க்குறியியல் நிபுணர் பழைய பயாப்சித் துணுக்குகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். அக்காலத்தில் சாதாரணக் கட்டி என்று எண்ணி விடப்பட்ட துணுக்குகளில், முதல் தரத்து டி.சி.ஐ.எஸ். உள்ள 28 பெண்கள் அகப்பட்டார்கள். அவர்களுக்குப் பயாப்சி தவிர வேறு வைத்தியம் நடக்கவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து பார்த்ததில் 11 பேருக்கு அதே மார்பில் பரவும் புற்று வந்தது, ஐந்து பேர் அதனால் மரித்தார்கள். பலருக்கு முதல் பத்து ஆண்டுக்குள் வந்தது. மூன்று பேருக்கு 23 ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்தது. மெதுவான தரம் என்பதால் அது தீங்கற்றது என்று எண்ணிவிட முடியாது என்பதற்கு இதைக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது, இங்கிலாந்துக் கணக்கு. பரிசோதனைத் திட்டத்தில் 2014 வரை டி.சி.ஐ.எஸ். கண்டுபிடிக்கப்பட்ட 35,024 பெண்களைப் பற்றி 2020-இல் ஓர் அறிக்கை வெளியானது. மற்றப் பெண்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பின்னாளில் பரவும் புற்று வந்தது இரண்டு மடங்குக்கும் அதிகம். மார்பகப் புற்றால் ஏற்பட்ட மரணமும் 100-க்கு 70 பங்கு கூடுதல். இந்த ஆபத்து இருபது ஆண்டுக்குமேலும் தொடர்ந்தது. அதிகச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆபத்து குறைந்திருந்தது.

மூன்றாவது காரணம் எங்களைப்போன்ற அறுவைச் சிகிச்சை மருத்துவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஊசி ஒரு சிறு துணுக்கைத்தான் எடுக்கிறது. அந்தத் துணுக்கில் டி.சி.ஐ.எஸ். மாத்திரம் இருக்கலாம், ஊசி போகாத அரை அங்குலத்துக்கு அப்பால் பரவும் புற்று ஒளிந்திருக்கலாம். ஆபரேஷன் செய்து முழுவதையும் எடுத்துப் பார்க்கும்போதுதான் சிலருக்கு அது வெளிப்படுகிறது. காத்திருந்தால் அவர்களுக்கு நாள் வீணாகும்.

கதிர்வீச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் மக்கள் இதைக் "கரண்டு வைப்பது" என்பார்கள். டி.சி.ஐ.எஸ். பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுத்தால், அதே மார்பில் திரும்ப வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று ஃபிஷர் குழுவினர் 1993-இல் காட்டினார்கள். திரும்ப வருகிறவற்றில் ஏறக்குறையப் பாதி பரவும் புற்றாக வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கவனித்துப் பார்க்கலாம் என்பவர்கள்

இனி மற்றப் பட்சத்தார். இவர்கள் சோம்பேறிகளும் அல்ல, துணிச்சல்காரரும் அல்ல. இவர்களில் முன்னணியில் நிற்பவர்களே மார்பக அறுவைச் சிகிச்சை நிபுணர்கள். கலிபோர்னியாவின் லாரா எஸ்ஸர்மன், வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்லி ஹ்வாங் என்பவர்கள் அவர்களில் இருவர்.

இவர்களின் முதல் வாதம் எளிமையானது. டி.சி.ஐ.எஸ். எல்லாம் பரவும் புற்றின் முன்னோடி என்றால், ஆண்டுதோறும் இத்தனை ஆயிரம் பேருக்கு அதை எடுத்தபிறகு பரவும் புற்றின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையவில்லை. ஆகையால் எடுத்தவற்றில் பல, விட்டிருந்தாலும் அந்தப் பெண்ணின் ஆயுள் முழுவதும் தொல்லை கொடுத்திருக்காது என்கிறார்கள்.

ஸ்டீவன் நாரோட் குழுவினர் 2015-இல் 1,08,196 அமெரிக்கப் பெண்களின் விவரத்தை வெளியிட்டார்கள். டி.சி.ஐ.எஸ். கண்டுபிடித்து இருபது ஆண்டுக்குள் மார்பகப் புற்றால் மரித்தவர்கள் 100-க்கு 3.3 பேர். கதிர்வீச்சு, திரும்ப வருவதைக் குறைத்தது; ஆனால் மரணத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அதே கணக்கில் 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் ஆபத்து இரட்டிப்புக்கு மேலாக இருந்தது. ஆகவே எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இங்கிலாந்தில் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு 2012-இல் பரிசோதனைத் திட்டத்தின் நன்மை தீமைகளை எடை போட்டது. திட்டத்தினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,300 மரணங்கள் தடுக்கப்படுகின்றன, அது பெரிய நன்மை. ஆனால் ஏறக்குறைய 4,000 பெண்களுக்கு, ஆயுளில் ஒருபோதும் தெரியவந்திராத ஒரு புற்று கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சையும் நடக்கிறது. காப்பாற்றப்படும் ஒரு பெண்ணுக்கு மூன்று பெண்கள் தேவையில்லாத சிகிச்சை பெறுகிறார்கள் என்று கணக்கு. அந்த நால்வரில் தான் யார் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது, அவள் மருத்துவருக்கும் தெரியாது. விவாதத்தின் வேதனை முழுவதும் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

சிகிச்சை என்பது விலையில்லாத காரியமல்ல. தழும்பு, நாட்பட்ட வலி, மார்பின் உணர்ச்சி மரத்துப்போவது, பல நாட்கள் கதிர்வீச்சுக்கு அலைவது, ஐந்து ஆண்டு மாத்திரை, அதனால் உடம்பு சூடு பறப்பதும் மூட்டுவலியும் என்று இவை எல்லாம் உண்டு. "புற்று" என்ற வார்த்தையைக் கேட்ட பயத்தில் நோயில்லாத மற்ற மார்பையும் எடுத்துவிடும்படி கேட்ட பெண்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2009-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இந்த நோயின் பெயரிலிருந்து புற்று என்ற சொல்லையே எடுத்துவிடுவதைப்பற்றி யோசிக்கவேண்டும் என்று சொன்னது. அந்தப் பெயர் இன்னும் மாறவில்லை.

ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பிப் புற்றில் இதற்கு ஒரு முன்மாதிரி கிடைத்தது. இங்கிலாந்தில் 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சும், ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பும் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டுக்குப்பின் 2023-இல் முடிவு வந்தது. எந்தப் பிரிவானாலும் அந்தப் புற்றால் மரித்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 3 பேர்தான். மார்பகத்திலும் அப்படி ஒரு சோதனை வேண்டும் என்று கேட்டார்கள்.

மூன்று நாடுகளில் மூன்று சோதனைகள்

கேட்டபடியே சோதனைகள் தொடங்கின. மெதுவான தரத்து டி.சி.ஐ.எஸ். உள்ள பெண்களைச் சீட்டுப் போட்டாற்போல இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, மற்றப் பிரிவுக்குக் கண்காணிப்பு என்பதே எல்லாவற்றிலும் அடிப்படை.

இங்கிலாந்தில் லோரிஸ் என்ற சோதனை 2014-இல் தொடங்கியது. போதுமான பெண்கள் சேராததால் 2020-இல் அதை முடித்துக்கொண்டார்கள். நெதர்லாந்தில் லார்ட் என்ற சோதனை 2017-இல் தொடங்கியது. சீட்டு முறைக்குப் பெண்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே அவரவர் விருப்பப்படி தெரிந்துகொள்ளலாம் என்று மாற்றினார்கள். அப்படி மாற்றினபோது ஏறக்குறைய நாலில் மூன்று பேர் கண்காணிப்பைத் தெரிந்துகொண்டார்கள். ஆபரேஷனா, காத்திருப்பதா என்ற காரியத்தில் பெண்கள் தங்கள் தீர்மானத்தைச் சீட்டுக்கு விட மனதில்லாதிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்குகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அமெரிக்காவின் சோதனைக்குக் காமெட் என்று பெயர். ஷெல்லி ஹ்வாங் தலைமையில் 2017-இல் தொடங்கி, 2024 டிசம்பரில் முதல் முடிவுகள் வந்தன. 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், முதல் அல்லது இரண்டாம் தரம், ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை, கைக்குக் கட்டி தட்டுப்படாதவர்கள் மாத்திரமே சேர்க்கப்பட்டார்கள். கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் 957 பேர். அவர்களில் 473 பேர் சிகிச்சைப் பிரிவு, 484 பேர் கண்காணிப்புப் பிரிவு. கண்காணிப்பு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேமோகிராம், ஏதேனும் மாற்றம் தெரிந்தால் பயாப்சி, தேவையானால் ஆபரேஷன். இரண்டு பிரிவிலும் பெரும்பாலோர் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் சாப்பிட்டார்கள்.

இரண்டு ஆண்டு முடிவில் அதே மார்பில் பரவும் புற்று கண்டவர்கள், சிகிச்சைப் பிரிவில் 100-க்கு 5.9 பேர், கண்காணிப்புப் பிரிவில் 100-க்கு 4.2 பேர். கண்காணிப்பு எந்த வகையிலும் மோசமாக இருக்கவில்லை. காத்திருந்த பெண்களின் மனநிலை, பயம், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றையும் கேட்டு எழுதினார்கள். அவற்றிலும் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இது நல்ல செய்திதான். ஆனாலும் அவசரப்படக் கூடாது. இரண்டு ஆண்டு என்பது இந்த நோய்க்கு மிகக் குறுகிய காலம். நாஷ்வில் பெண்களில் சிலருக்கு 23 ஆண்டு கழித்து வந்ததை இப்பொழுதுதான் சொன்னேன். மேலும் சிகிச்சைப் பிரிவில் இருந்த 473 பேரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 264 பேர்தான், மற்றவர்கள் மனம் மாறிவிட்டார்கள். கண்காணிப்புப் பிரிவிலும் 82 பேர் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆகையால் இந்தச் சோதனை முழுத் தீர்ப்பு அல்ல. ஆராய்ச்சியாளர்களே ஐந்து ஆண்டு, பத்து ஆண்டுக் கணக்கு வரவேண்டும் என்கிறார்கள். அதுவரைக்கும் ஆபரேஷனே வழக்கமான சிகிச்சை. தகுதியான சிலருக்குக் கண்காணிப்பும் ஒரு வழி என்று பேசத் தொடங்கியிருக்கிறோம், அவ்வளவே.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் என்ன செய்யவேண்டும்? முதலாவது, பதறவேண்டாம். டி.சி.ஐ.எஸ். ஒரு வாரத்தில் உயிரை எடுக்கும் காரியமல்ல. இரண்டு, மூன்று வாரம் எடுத்து யோசிக்கலாம், வேறொரு மருத்துவரிடமும் கேட்கலாம். நல்ல மருத்துவர் அதற்கு வருத்தப்படமாட்டார்.

மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஊசியில் பரவும் புற்று ஏதாவது தெரிந்ததா? தரம் எத்தனை? ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகையா? எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது? வீட்டில் தாய், அக்காள், தங்கை யாருக்காவது இந்த நோய் உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம் தரம் என்றாலும், கட்டி கைக்குத் தெரிந்தாலும், காம்பில் இரத்தம் வந்தாலும், வயது குறைவாயிருந்தாலும் கண்காணிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவேண்டாம், சிகிச்சைதான் வழி. 70 வயதைக் கடந்து, இருதய நோயும் சர்க்கரையும் உள்ள ஒரு தாயாருக்கு முதல் தரத்து டி.சி.ஐ.எஸ். மாத்திரம் என்றால், கவனித்துப் பார்ப்பது நியாயமாயிருக்கலாம். இடையில் இருப்பவர்களுக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு பெண், "இதை உடம்பில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது" என்பாள், அவளுக்கு ஆபரேஷன் சரி. இன்னொருத்தி, "எனக்குக் கத்திதான் பயம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறேன்" என்பாள், அவளையும் மதிக்கவேண்டும். தீர்மானம் அந்தப் பெண்ணுடையது. மகனோ மருமகனோ அவளைக் கேட்காமல் ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்துப் போடுவது நம் நாட்டில் வழக்கம். அந்த வழக்கம் மாறவேண்டும்.

கண்காணிப்பைத் தெரிந்துகொண்டவருக்கு ஒரு நிபந்தனை உண்டு. தவறாமல் வரவேண்டும். பஸ் வசதி இல்லை, பேத்திக்குச் சடங்கு, மழைக்காலம் என்று ஒரு தவணை தவறினால் அது கண்காணிப்பு அல்ல, கைவிடுதல். நல்ல மேமோகிராம் இயந்திரமும், அதைப் படிக்கத் தெரிந்த மருத்துவரும், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒழுங்கான பதிவேடும் இல்லாத இடத்தில் இந்த வழியைச் சொல்லவே கூடாது.

கட்டி தெரிந்தால் காத்திருக்கவேண்டாம்

இனி நான் சொல்லப்போவதை யாரும் தவறாகக் கேட்டுவிட்டுப் போகவேண்டாம். இதுவரை பேசினது, கைக்குத் தெரியாத, குழாய்க்குள் அடங்கிய மெதுவான தரத்து நோயைப்பற்றி மாத்திரம். "ஆரம்பத்தில் காத்திருந்து பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள்" என்று யாராவது கட்டியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால், இந்தப் பேச்சினால் தீமையே விளையும். பரவும் புற்று எவ்வளவு சிறியதாயிருந்தாலும் சிகிச்சை வேண்டும். அதில் இரண்டு பட்சம் இல்லை.

நம் நாட்டின் நிலைமை அந்த நாடுகளுக்கு நேர் எதிரானது. 2022-ஆம் ஆண்டின் உலகக் கணக்கீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று வந்தது, ஏறத்தாழ 98,000 பேர் மரித்தார்கள். அங்கே அளவுக்கு மிஞ்சிய சிகிச்சை பிரச்சினை. இங்கே நேரங்கடந்த வருகை பிரச்சினை. நம்மிடம் வருகிற பெண்களில் அநேகர் கட்டி பெரிதாகி, தோல் தடித்து, சிலசமயம் புண்ணாகிக் கசிகிற நிலையில் வருகிறார்கள். கேட்டால், "வலி இல்லையே என்று விட்டுவிட்டேன்," "மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன்," "ஆண் டாக்டரிடம் காட்ட வெட்கமாயிருந்தது" என்கிறார்கள். வலியில்லாத கட்டிக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும் என்பதை உங்கள் சபையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லுங்கள்.

மேமோகிராம் இயந்திரம் ஒன்று வாங்கித் தரலாமா என்று சில சபையார் அன்போடு கேட்கிறார்கள். கட்டியோடு வருகிறவர்களைப் பரிசோதிக்க அது பயன்படும். ஆனால் கிராமந்தோறும் நோயில்லாத பெண்களைப் படம் எடுப்பதைவிட எளிய வழி ஒன்று நம் நாட்டிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-இல் குடிசைப்பகுதிகளில் 35 முதல் 64 வயதுள்ள 1,51,538 பெண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுக்குப்பின் 2021-இல் வெளியான முடிவின்படி, நோய் முன்னதான நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் மரணம் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடவில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மரணம் 100-க்கு ஏறக்குறைய 30 பங்கு குறைந்தது. அதற்கு எக்ஸ்ரே வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பயிற்சி பெற்ற இரண்டு கைகளும், தட்டுப்பட்ட கட்டியோடு அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர ஒருவரும் வேண்டும். கையால் கண்டுபிடிக்கப்படுகிற கட்டி பெரும்பாலும் உண்மையாகவே சிகிச்சை வேண்டிய கட்டி என்பதால், அங்கே அவர்கள் படுகிற இந்தச் சங்கடமும் நமக்குக் குறைவாயிருக்கும்.

ஆகவே பணம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு என் ஆலோசனை இது. முதலில் ஊர் ஊராகச் செல்லும் பணியாளருக்குப் பயிற்சியும் பிரயாணச் செலவும். அடுத்தது பயாப்சியை ஒழுங்காகப் படித்துச் சொல்லும் ஆய்வுக்கூடம். தரம் என்ன, வகை என்ன என்று சரியாகத் தெரியாமல் இந்த விவாதத்தில் எந்தப் பக்கத்தையும் நாம் பின்பற்றக்கூடாது. இயந்திரம் அதன் பின்பு வரட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "விசுவாசத்தோடு காத்திருக்கிறேன், ஆபரேஷன் வேண்டாம்" என்று சொல்லி, ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் வருகிறவர்கள் உண்டு. நான் பேசின கண்காணிப்பு அதுவல்ல. அதில் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது, படம் எடுக்கப்படுகிறது, எந்த நிலையில் ஆபரேஷன் என்பதும் முன்னமே பேசி முடிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவரை விட்டு விலகிப்போய்க் காத்திருப்பது வேறு, மருத்துவரின் கண்முன்னே காத்திருப்பது வேறு. ஜெபம் இரண்டு வழியிலும் கூட வரலாம். சிகிச்சை வேண்டிய இடத்தில் ஜெபத்தைக் காரணம் காட்டித் தாமதிக்கவேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

நீங்கள் கொடுக்கிற காணிக்கை பல வழிகளில் பெண்களைப் போய்ச் சேருகிறது. அவர்களில் சிலருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும், சிலருக்குக் கரண்டு வைக்கவேண்டியிருக்கும், வெகு சிலருக்கு அடுத்த தவணைக்கு வருவதற்குப் பஸ் செலவு மாத்திரம் வேண்டியிருக்கும். யாருக்கு எது என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல மருத்துவருக்கு நேரமும் அறிவும் வேண்டும். அதற்காகவும் எங்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரிடமும் மனைவியிடமும் அக்காள் தங்கையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், கட்டி ஏதாவது தெரிகிறதா என்று. ஆம் என்றால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.